வலைப்பின்னல் கேள்வி பதில்: பிரின்டருக்கு யார் ஜாமீன்?

கேள்வி: எங்கள் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் சுமார் 300 கணினிகள். ஆய்வுக்கு வந்த ஆடிட்டர் மீட்டிங் அறைச் சுவரில் இருந்த போர்ட்டில் தன் லேப்டாப்பைச் செருகினார். கணக்குப் பிரிவு சர்வர் வரை தெரிந்தது. "802.1எக்ஸ் போடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பட்ஜெட் குறைவு. எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், திருப்பூர்)

பதில்: 802.1எக்ஸ் என்பது, வலைப்பின்னலில் செருகும் கருவி தன்னை நிரூபித்த பிறகே உள்ளே விடும் முறை. மென்பொருளுக்குப் பெரிய செலவில்லை. விண்டோஸ் சர்வர் வைத்திருந்தால் என்பிஎஸ் என்ற ரேடியஸ் சர்வர் (யாரை உள்ளே விடலாம் என்று முடிவு சொல்வது) அதிலேயே இருக்கிறது. லினக்ஸ் பழகியவர் உங்களிடம் இருந்தால் ஃப்ரீரேடியஸ் அல்லது பாக்கெட்ஃபென்ஸ், இரண்டும் இலவசம். காசு போகப்போவது, கணினிகளின் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சுக்குத்தான். மேஜைக்கடியில் யார் யாரோ வாங்கிப் போட்ட குட்டி ஸ்விட்சுகளை முதலில் எண்ணிப் பாருங்கள். அவற்றுக்கு 802.1எக்ஸ் தெரியாது.

வேலை நடக்கும் விதம் எளிது. கணினி தன் அடையாளத்தைச் சொல்லும். ஸ்விட்ச் அதை ரேடியஸ் சர்வரிடம் கேட்கும். சர்வர் சரி என்றால் போர்ட் திறக்கும். எந்த விலானில் (வலைப்பின்னலின் எந்தத் தனிப் பிரிவில்) சேர்ப்பது என்பதும் அந்தப் பதிலிலேயே வரும். சில பழைய ஸ்விட்சுகள் இன்னமும் 1645ஆம் போர்ட்டுக்கு (இது சுவரில் இருக்கும் போர்ட் அல்ல, மென்பொருளின் வாசல் எண்) கேள்வியை அனுப்பிக்கொண்டிருக்கும், ஃப்ரீரேடியஸ் போன்ற சர்வரோ 1812இல் காத்திருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, பதிலே இல்லாமல் கிடக்கும். பாதி பேர் முதல் நாளை இதிலேயே தொலைக்கிறார்கள்.

முதல் நாளே கதவைப் பூட்டாதீர்கள். எல்லாப் போர்ட்டையும் திறந்த நிலையில் வைத்து, சரிபார்ப்பு மட்டும் நடக்கட்டும். தோற்றாலும் இணைப்பு கிடைக்கும், பதிவேட்டில் மட்டும் விழும். சிஸ்கோ ஸ்விட்சில் 'ஆதென்டிகேஷன் ஓப்பன்' என்ற ஒரு வரி போதும். மாதக் கடைசிக் கணக்கு முடியும்வரை அப்படியே விடுங்கள். அப்புறம் அந்தப் பதிவேட்டைப் படியுங்கள். வருகைப்பதிவுக் கருவி, கண்காணிப்பு கேமரா, பார்கோடு பிரின்டர், எம்பிராய்டரி இயந்திரத்தின் கன்ட்ரோலர் என்று ஒரு பட்டாளமே வரும். இவற்றில் பலவற்றுக்குத் தன்னை நிரூபிக்கத் தெரியாது. நிஜமான வேலை இந்தப் பட்டியல்தான், மற்றதெல்லாம் தட்டச்சு.

வாய் திறக்காத இந்தக் கருவிகளை மேக் முகவரியை (ஒவ்வொரு கருவியின் வலைப்பின்னல் அடையாள எண்) வைத்து அனுமதிப்பதற்கு 'மேப்' (எம்ஏபி) என்று பெயர். சிஸ்கோவின் இயல்பு அமைப்பில் ஸ்விட்ச் 30 விநாடி இடைவெளியில் மூன்று முறை கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால்தான் மேப்புக்குப் போகும். ஆக 90 விநாடி. அதற்குள் பல கருவிகள் ஐபி முகவரி கேட்டுக் களைத்து உட்கார்ந்துவிடும். "பிரின்டர் செத்துப்போச்சு" என்று போன் வரும். இடைவெளியை 10 விநாடியாகக் குறைத்தால் பெரும்பாலும் தீரும்.

கேள்வி: எல்லாக் கருவிகளின் மேக் முகவரியையும் பட்டியலில் போட்டுவிட்டால் போதாதா? கணினிக்கு டிஜிட்டல் சான்றிதழ், அது இது என்று எதற்கு? (வாசகர், ஓசூர்)

பதில்: போதாது ஐயா. அந்த முகவரி பிரின்டரின் முதுகிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. அதைத் தன் லேப்டாப்புக்கு மாற்றிக்கொள்ள ஒரு நிமிடம் ஆகாது. எனவே மேப்பில் வரும் கருவிகளைத் தனி விலானில் தள்ளி, பிரின்டர் என்றால் பிரின்ட் சர்வரோடு மட்டும் பேசட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். திருடன் பிரின்டராக வந்தாலும் பிரின்டர் போகும் தூரம்தான் போக முடியும்.

மேப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் 'பிளாஸ்ட்ரேடியஸ்' என்ற ஓட்டை வெளிவந்தது. ஸ்விட்சுக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்தவர், மறுப்பை அனுமதியாக மாற்றிவிட முடியும். ரேடியஸ் இன்னும் எம்டி5 என்ற பழைய, பலவீனமான சரிபார்ப்புக் கணக்கை நம்பியிருப்பதன் விளைவு. 802.1எக்ஸ் பயன்படுத்தும் ஈஏபி என்ற உரையாடல் முறை வழியாக வரும் சரிபார்ப்பை இது தொடாது, மேப்பைத் தொடும். இரு பக்கமும் புதுப்பித்து, செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் 'மெசேஜ் ஆதென்டிகேட்டர்' முத்திரை கட்டாயம் என்று வையுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் மட்டும் அலுவலக வைஃபையில் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்கின்றன. பழையவை தானாகவே சேர்ந்துகொள்கின்றன. சர்வரில் கோளாறா? (வாசகர், கொழும்பு)

பதில்: சர்வர் நிரபராதி. பாஸ்வேர்டை வைத்துச் சரிபார்க்கும் எம்எஸ்சாப்வி2 அடிப்படையிலான முறை வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பிலிருந்து, எண்டர்பிரைஸ் வகையில் கிரெடென்ஷியல் கார்டு என்ற பாஸ்வேர்ட் காவல் வசதி தானாகவே இயங்குகிறது. உள்நுழைந்த பாஸ்வேர்டை எடுத்து வைஃபைக்குக் கொடுக்க அது விடாது. அதை அணைத்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். சான்றிதழ் வழியான ஈஏபி-டிஎல்எஸ் முறைக்கு மாறுங்கள். நிறுவனக் கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி இருந்தால் சான்றிதழைக் கணினிகளுக்குத் தானாகவே அனுப்பிவிடலாம். கணினிகளின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேதி பின்தங்கியிருந்தால் புதுச் சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை என்று நிராகரிக்கப்படும்.

கேள்வி: ரேடியஸ் சர்வர் படுத்துவிட்டால் மொத்த அலுவலகமும் படுத்துவிடுமா? (வாசகி, கோவை)

பதில்: ஒன்றே ஒன்று வைத்திருந்தால், ஆம். இரண்டு வையுங்கள், ஒரே யுபிஎஸ்ஸில் வேண்டாம். இரண்டும் போனால் எந்த விலானில் விடுவது என்பதையும் ஸ்விட்சில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை மாலை இரண்டையும் நீங்களே நிறுத்திப் பாருங்கள்.