களிமண்ணிலிருந்து ஜியோலைட் (சிலிக்கானும் அலுமினியமும் கொண்ட, நுண்துளைகள் நிறைந்த படிகம்) செய்ய முடியுமா? எதற்காக முதலில் மண்ணைச் சுடுகிறார்கள்?

முடியும். ஆனால் எல்லா மண்ணும் ஒன்றுபோல வராது. சிறந்தது கயோலின், அதாவது பீங்கான் செய்யும் வெள்ளைக் களிமண். அதில் சிலிக்கானும் அலுமினியமும் 1:1 விகிதத்தில் இருக்கின்றன. ஜியோலைட்டின் ஒரு வகையான ஜியோலைட் ஏ-யிலும் அதே விகிதம்தான். எனவே வெளியிலிருந்து சிலிக்காவோ (சிலிக்கான் ஆக்சைடு) அலுமினாவோ (அலுமினிய ஆக்சைடு) சேர்க்க வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், கயோலினின் அடுக்குகள் மிக உறுதியானவை. ஜியோலைட் ஆக்கப் பயன்படும் காரத்தோடு (சோடியம் ஹைட்ராக்சைடு) லேசில் வினைபுரியாது. அதனால்தான் 600 முதல் 700 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுடுகிறார்கள். மண்ணிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்தவை) நீராவியாக வெளியேறி, எடை ஏறத்தாழ 14 சதவீதம் குறையும். படிக ஒழுங்கு குலைந்து கிடைப்பது மெட்டாகயோலின்; இது காரத்தோடு எளிதில் வினைபுரியும். சூடு 950-ஐத் தாண்டினால் ஸ்பைனல், அப்புறம் முல்லைட் என்ற வேறு படிகங்களாக மாறிவிடும்; அது நமக்கு உதவாது.

மெட்டாகயோலினை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கலந்து, மூடிய கலனில் சுமார் 90 முதல் 100 டிகிரியில் வைத்தால் சில மணி நேரத்தில் ஜியோலைட் ஏ படிகமாகும். நேரத்தில்தான் கவனம் வேண்டும்: அதிக நேரம் விட்டாலோ, காரம் மிகுந்தாலோ அது சோடலைட் என்ற வேறு படிகமாக மாறும். அதன் துளைகள் மிகச் சிறியவை, பயனும் குறைவு.

மண்ணிலுள்ள குவார்ட்ஸ் (மணலின் முக்கியக் கனிமம்) பெரும்பாலும் கரையாமல் அப்படியே தங்கும். இரும்பு நிறத்தைக் கெடுக்கும். ஆகவே முதலில் மண்ணை நீரில் கலக்கி, மணலைப் படியவைத்து நீக்குங்கள். ஜியோலைட் எக்ஸ் அல்லது ஒய் என்ற வேறு வகைகள் வேண்டுமென்றால் சோடியம் சிலிக்கேட் போன்ற கூடுதல் சிலிக்கா தேவைப்படும்.

சூடான காரம் கண்ணையும் தோலையும் அரித்துவிடும். வீட்டில் வேண்டாம், ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள்.