வேலப்பருக்கு மட்டும் விடுமுறையா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை பக்கம் எங்கள் ஊர். அப்பாவின் பூண்டுக் காட்டில் பங்கு கேட்டு அக்கா வழக்குப் போட்டிருக்கிறார். 'எனக்கு நிலம் வேண்டாம்' என்று கல்யாணத்தின்போதே அக்கா சொன்னதை நேரில் கேட்டதாக நான் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறார் அண்ணன். அப்போது நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். ஆனால் அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியவர் அண்ணன்தான். தினமும் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டுத்தான் காட்டில் கால் வைப்பேன். கோர்ட்டில் கீதை மேல் கை வைக்கச் சொல்வார்களா? கடவுள் பெயர் சொல்லாமல் உறுதிமொழி மட்டும் போதும் என்கிறார்களே, நானும் அப்படிச் சொல்லலாமா?

பதில்: தம்பி, கீதை கதையெல்லாம் சினிமாவோடு சரி. 1969ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி எந்தப் புனித நூலின் மேலும் கை வைக்க வேண்டியதில்லை. கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். விருப்பம் உங்களுடையது. வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

எனக்கு உறுத்துவது வேலப்பர். தினமும் கும்பிடுகிறவருக்கு அன்றைக்கு மட்டும் அவர் பெயர் ஏன் கசக்கிறது? நாத்திகர் ஒருவர் கேட்டிருந்தால் மேலே சொன்னதோடு பதில் முடிந்திருக்கும். நீங்கள் கேட்பது, சாமி கணக்கில் ஏறாமல் பொய் சொல்ல வழி உண்டா என்று. 'பொய்' என்ற சொல்லைக் கடிதத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. கெட்டிக்காரர்தான்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஆணையிட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். ஆணையிட்டால்தான் உண்மை என்றால் மற்ற நேரத்தில் பேசுவது என்ன என்று கேட்டவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் பட்ட பாட்டில் வந்த உறுதிமொழியில் நீங்கள் பொந்து தேடுகிறீர்கள். பொந்து கிடையாது. எந்த வாசகத்தைச் சொன்னாலும் நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சிக்குப் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. அதுவும் சிவில் வழக்கில் கூண்டேறும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். உங்கள் சாட்சியத்தைப் பிரமாண வாக்குமூலமாக டைப் செய்து நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்ட அன்றே சத்தியம் செய்தாயிற்று.

சரி, அக்கா அப்படிச் சொல்லியே இருந்தாலும் வாய்வார்த்தையில் நிலப் பங்கு போய்விடாது. பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்திருக்க வேண்டும்.

அண்ணன் ஆளாக்கினார், நன்றி வேண்டியதுதான். அந்தக் கடனை உங்கள் உழைப்பில் அடையுங்கள், வேண்டுமானால் உங்கள் பங்கை எழுதிக் கொடுங்கள். அக்காவின் பங்கை எடுத்து அடைக்க நீங்கள் யார்? காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் என்று தட்டு சுமந்துகொண்டு போய், காட்டில் மட்டும் அவளை அந்நியளாக்குகிற ஆண்பிள்ளைகளை எனக்குப் பிடிப்பதில்லை.

கையெழுத்துப் போடாதீர்கள். 'நான் அப்போது ஊரிலேயே இல்லையே அண்ணா' என்று இந்த வாரமே வீட்டில் வைத்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் அக்காவின் வக்கீல் உங்கள் பழைய சம்பளச் சீட்டை எடுத்து நீட்டும்போதுதான் அவருக்குத் தெரிய வேண்டுமா?