வேலைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் உடம்பைக் கவனிப்பது எப்படி?

களுவாஞ்சிக்குடியிலிருந்து தினமும் மட்டக்களப்பு நகருக்கு வேலைக்குப் போய்வருகிறேன், உடம்பைப் பார்க்க நேரமே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கென்று தனியாக நேரம் தேடினால் கிடைக்காது. தினமும் செய்கிற ஒன்றோடு சேர்த்துவிடுங்கள், அதுதான் நிலைக்கும்.

தேத்தண்ணியில் தொடங்குங்கள். கோப்பைக்கு 2 தேக்கரண்டி சீனி என்றால் 3 கோப்பையில் 6 தேக்கரண்டி, கிட்டத்தட்ட 25 கிராம். நாளொன்றுக்கு அதற்குள் நிற்பதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். முதலில் அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு பழகியதும் இன்னும் அரை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணித் தேத்தண்ணிக்குப் பதில் மோர் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நடைக்கும் வழி இருக்கிறது. நகருக்குள் இறங்காமல் கல்லடிப் பாலத்துக்கு முன்னமே இறங்கி மிச்சத்தை நடவுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் வாவிக் காற்றோடு நடப்பது சுகம். வாரத்துக்கு 150 நிமிட நடை போதும்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வொன்றில் ஒரு பழக்கம் தானாக வரச் சராசரியாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்றும் கணித்தார்கள். இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் கெடவில்லை. ஆகவே ஒருநாள் விட்டுப்போனால் அடுத்த நாள் தொடருங்கள்.

வயது 35 தாண்டிவிட்டதா? அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கலாம். லீவு நாளுக்குத் தள்ளிப்போடாமல் இந்த மாதமே போய்வாருங்கள்.