லேக்கர்ஸா, செல்டிக்ஸா? ரிங் அடியில் யார் நிற்கிறார் என்று பாருங்கள்

2025 தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அது முடிந்த இரண்டாம் நாள் காலையில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் 2025-26 சீசன் தொடங்கிவிடும். காலையில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்கள் இப்போதே லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸின் மஞ்சள் பனியன், பாஸ்டன் செல்டிக்ஸின் பச்சை பனியன் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். தண்ணீர் குடிக்கும் இடைவேளையில்கூட இதே பேச்சுதான். அவர்களும், மதுரையைச் சுற்றியுள்ள மற்றவர்களும் கேட்ட கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்க மாஸ்டர், இந்த சீசனில் யார் கை ஓங்கும்? (கல்லூரி மாணவர், செல்லூர்)

லேக்கர்ஸ். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

போன சீசன் கணக்கைப் பார்த்தால் செல்டிக்ஸ்தான் மேலே: 61 வெற்றி, 21 தோல்வி. லேக்கர்ஸ் 50-32. ஒரே கோடையில் எல்லாம் தலைகீழாக மாறியது. பாஸ்டனில் முதன்மை ஆட்டக்காரர் ஜேசன் டேட்டம் காயத்தில் கிடக்கிறார், நான்கு முக்கிய ஆட்டக்காரர்கள் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். லேக்கர்ஸில் லூகா டான்சிச் முதல்முறையாகப் பயிற்சி முகாமிலிருந்தே அணியோடு இருக்கிறார், உடம்பையும் நன்றாக இறக்கியிருக்கிறார். செப்டம்பரில் நடந்த ஐரோப்பியக் கோப்பையில் ஸ்லோவேனியாவுக்காக அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் இரண்டு அணிக்கும் ஓட்டை ஒரே இடத்தில்தான். ரிங் அடியில், சென்டர் என்கிற உயரமான ஆள் நிற்கிற இடத்தில். கீழே வரும் பதில்களில் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேக்கர்ஸில் லெப்ரான் ஜேம்ஸும் லூகாவும் இருந்தும் போன சீசன் நாக்-அவுட் சுற்றில் மினசோட்டாவிடம் 4-1 என்று தோற்றார்களே, அது எப்படி? ஏட்டன் வந்தால் சரியாகிவிடுமா? (திருமங்கலம்)

அந்தத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தை முடிந்தால் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். போர்டுக்குக் கீழே இருக்கிற கூட்டத்தை மட்டும் பாருங்கள். மினசோட்டாவின் சென்டர் ரூடி கோபெர் 27 பாயின்ட், 24 ரீபவுண்ட் (தவறித் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது). முதுகால் மறித்து அவரை ரிங்கிலிருந்து தள்ளி வைக்க, அதாவது பாக்ஸ்-அவுட் செய்ய, அவர் உயரத்துக்கு லேக்கர்ஸ் பக்கம் ஆளே இல்லை. நம் ஊர் பள்ளிப் போட்டிகளில், ஒரே ஒரு வளர்ந்த பையனை வைத்திருக்கிற அணி, அவன் தலைக்கு மேலே பந்தைப் போட்டுப் போட்டே ஜெயிக்குமே, அதே காட்சிதான்.

இதற்கு விதை பிப்ரவரியிலேயே விழுந்துவிட்டது. லூகாவை வாங்க, ரிங் அடியில் நின்ற ஆந்தனி டேவிஸைக் கொடுத்தார்கள். அந்த இடத்துக்கு சார்லட் அணியிலிருந்து மார்க் வில்லியம்ஸ் என்ற சென்டரைப் பேசி முடித்தார்கள். மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு அந்தப் பேரம் ரத்தானது. அப்புறம் வேறு ஆள் கிடைக்கவில்லை. நான்காவது ஆட்டத்தில் பயிற்சியாளர் ஜே.ஜே. ரெடிக் இரண்டாம் பாதி முழுவதும் அதே ஐந்து பேரை, ஒரு மாற்று ஆட்டக்காரர்கூட இல்லாமல், ஆடவைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. கடைசிக் கால் மணி நேரத்தில் கால்கள் கனத்துப்போயின.

இந்தக் கோடையில் லேக்கர்ஸில் சேர்ந்த சென்டர் டியாண்ட்ரே ஏட்டன் ஏழடி உயரம். 2018இல் டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதலாவதாக எடுக்கப்பட்டவர். லூகா அதே டிராஃப்டில் மூன்றாவது. தாக்குதலில் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகும். லூகா பந்தோடு இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மேலே தூக்கிப் போடுவார், ஏட்டனுக்கு அதைப் பிடித்து முடிக்கிற மெத்தென்ற கைகள். டிஃபென்ஸில்தான் எனக்குக் கவலை. எதிரணியில் பந்தைக் கொண்டுவரும் ஆள் (கார்டு) வேகமாக உள்ளே வெட்டி வரும்போது, ஒரு அடி முன்னால் வந்து கையைத் தூக்கி மறிக்கிற பசி ஏட்டனிடம் எல்லா நாளும் இருப்பதில்லை. லூகா, ஆஸ்டின் ரீவ்ஸ் இருவருமே முன்னால் காவல் காப்பதில் மெதுவானவர்கள். ஆகவே அவர்களைத் தாண்டி வருகிற எல்லாரும் ஏட்டன் தலையில்தான் வந்து விழுவார்கள். ஜனவரி வாக்கில் இந்த விஷயம் வெளிச்சமாகிவிடும்.

டேட்டம் இந்த சீசனிலேயே திரும்பிவிடுவாரா அண்ணே? (மேலூர்)

அவசரப்படக் கூடாது என்பதே என் ஆசை.

மே 12ஆம் தேதி, நாக்-அவுட் சுற்றில் நியூயார்க் நிக்ஸ் அணியோடு நான்காவது ஆட்டம். அன்றைக்கு 42 பாயின்ட் போட்டிருந்தார். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, உருண்டு போன பந்தை எடுக்க வலது காலை ஊன்றி எம்பினார். குதிகாலைக் கெண்டைச்சதையோடு கட்டி வைத்திருக்கிற அந்தத் தடித்த தசைநார் அறுந்தது.

இந்தக் காயத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால், ஒரு சிமென்ட் கோர்ட்டில், எங்கள் அணியின் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் லே-அப்புக்கு எழும்பப் போனார். சணல் கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம். உட்கார்ந்தவர் முதலில் செய்தது, திரும்பிப் பின்னால் பார்த்ததுதான். "எவன்டா உதைச்சது?" என்றார். அவருக்குப் பின்னால் யாருமே இல்லை. குதிகாலுக்கு நாலு விரல்கடை மேலே தொட்டால், நார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். அவர் மறுபடி நடக்கப் பழகிய மாதங்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. நடப்பது சீக்கிரம் வந்துவிடும். அந்தக் காலை நம்பி எம்புவது வருவதற்குத்தான் நாளாகும்.

கோபி பிரையன்ட் 2013 ஏப்ரலில் இதே காயம் பட்டு டிசம்பரிலேயே திரும்பினார், ஆறு ஆட்டத்தில் முழங்கால் எலும்பு விரிசல் கண்டது. கெவின் டுரான்ட் 2019 ஜூனில் காயம் பட்டவர், அடுத்த சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டு 2020 டிசம்பரில் வந்தார். வந்தவர் பழைய டுரான்ட்தான். டேட்டமுக்கு 27 வயது, மறுநாளே அறுவை சிகிச்சையும் முடிந்துவிட்டது. காலம் அவர் பக்கம்தான் இருக்கிறது. ஒரு சீசனை விட்டாலும் நஷ்டமில்லை.

2024இல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்களை பாஸ்டன் ஏன் இப்படி அள்ளி வெளியே விட்டது? (வணிகர், கீழமாசி வீதி)

கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், உங்களுக்குச் சட்டென்று புரியும். இந்த சீசனுக்கு ஓர் அணியின் சம்பள வரம்பு சுமார் 15.46 கோடி டாலர். அதைத் தாண்டலாம், ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால் வரி, போகப் போக அது ஏறும். 20.78 கோடியில் இன்னொரு கோடு இருக்கிறது, செகண்ட் ஏப்ரன் என்பார்கள். அதைத் தாண்டினால் பணத்தோடு போகாது, கையையும் கட்டிவிடுவார்கள். இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை மாற்றிக்கொள்ள முடியாது, பிற்கால டிராஃப்ட் உரிமையும் முடங்கும். பழைய ஆட்களையே வைத்திருந்தால் சம்பளமும் வரியுமாக 50 கோடி டாலருக்கு மேல் போயிருக்கும். டேட்டம் இல்லாத ஒரு வருடத்துக்கு அவ்வளவு கொட்ட எந்த முதலாளியும் யோசிப்பார்.

அதனால் ஜ்ரூ ஹாலிடே போர்ட்லாண்டுக்குப் போனார், போர்சிங்கிஸ் அட்லான்டாவுக்கு. கார்னெட் சான் ஆன்டோனியோவுக்கும், ஹார்ஃபோர்ட் கோல்டன் ஸ்டேட்டுக்கும் போய்விட்டார்கள். கடைசி மூன்று பேரும் சென்டர்கள் என்பதைக் கவனியுங்கள். டேட்டம் விழுந்ததற்கு அடுத்த ஆட்டத்தில் பாஸ்டன் 127-102 என்று ஜெயித்ததே, அன்றைக்கு எதிரணி வீசிய பந்தை ஏழு முறை மறித்தவர் (பிளாக்) இந்த கார்னெட்தான். இப்போது மீதி இருப்பதில் பெரிய பொறுப்பு நெமியாஸ் கெட்டா என்ற போர்ச்சுகல்காரர் மேல் விழுகிறது. நல்ல உயரம், நல்ல உழைப்பு. ஆனால் முப்பது நிமிடம் தொடர்ந்து ஆடும் பழக்கம் அவருக்கு இன்னும் வரவில்லை.

அப்படியானால் பாஸ்டனை மறந்துவிடலாமா? (அண்ணா நகர்)

கூடவே கூடாது. ஜெய்லன் பிரவுன் 2024 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். டெரிக் ஒயிட் இரண்டு பக்கமும் உழைப்பவர், பேட்டன் பிரிட்சார்ட் போன சீசனின் சிறந்த மாற்று ஆட்டக்காரர். பயிற்சியாளர் ஜோ மசூல்லாவின் திட்டமும் அப்படியே இருக்கிறது. போன சீசனில் ரிங்குக்குப் பக்கத்தில் போட்டதைவிட மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியேயிருந்து அதிகம் போட்ட அணி அது, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 48 த்ரீ முயற்சி. விழுகிற நாளில் யாராலும் தடுக்க முடியாது. விழாத நாள் எப்படி இருக்கும் என்பதை நிக்ஸோடு முதல் ஆட்டத்தில் பார்த்தோம்: 60 அடித்து 15தான் உள்ளே போனது, 20 பாயின்ட் முன்னிலை கரைந்தது. தவறிய பந்துகளைப் பொறுக்கிக் கொடுக்கப் பெரிய ஆட்கள் குறைந்துவிட்ட இந்த வருடம், அந்தச் சூதாட்டத்துக்கு விலை இன்னும் ஏறும்.

பாஸ்டன் ஆடுகிற கிழக்குப் பிரிவு இலேசானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்டியானாவின் ஹாலிபர்டனும் இதே குதிகால் காயத்தில் வெளியே. மேற்கில் லேக்கர்ஸ் தாண்ட வேண்டியது நடப்புச் சாம்பியன் ஓக்லஹோமா சிட்டி, டென்வர், டுரான்ட் சேர்ந்திருக்கிற ஹூஸ்டன். லேக்கர்ஸ் ஜெயிக்கிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வியர்வை இரண்டு மடங்கு. கோப்பை இந்த வருடம் இரண்டு பேருக்கும் இல்லை என்பது என் கணிப்பு.

லெப்ரானுக்கு டிசம்பரில் 41 வயது. இன்னும் எத்தனை நாள்? (உசிலம்பட்டி)

இது அவருக்கு 23ஆவது சீசன், இதுவரை யாரும் ஆடாத கணக்கு. போன வருடமும் ஆட்டத்துக்கு 24 பாயின்ட் போட்டவர். அவரை இரவுக்கு இரவு ஓடவிடாமல் ஏப்ரலில் தொடங்கும் நாக்-அவுட் சுற்றுக்குப் பத்திரப்படுத்தி வைத்தால் போதும்.

மார்கஸ் ஸ்மார்ட் லேக்கர்ஸ் பனியன் போடலாமா? எனக்கு மனசே ஆறவில்லை. (பாஸ்டன் ரசிகை, திருநகர்)

எனக்கும் வலித்ததம்மா. ஒன்பது சீசன் பாஸ்டனுக்காகத் தரையில் புரண்டு பந்து எடுத்தவர். 2022இல் லீகின் சிறந்த டிஃபென்டர் விருது வாங்கியவர். ஆனால் 2023இல் அவரை அனுப்பியது பாஸ்டன்தான். லேக்கர்ஸுக்கு முன்வரிசைக் காவலுக்கு இப்படி ஓர் ஆள் அவசியம் தேவைப்பட்டது, உடம்பு ஒத்துழைத்தால் நல்ல தேர்வு.

லேக்கர்ஸ் என்றால் ஏரிக்காரர்கள்தானே? லாஸ் ஏஞ்சல்ஸில் ஏது அவ்வளவு ஏரி? (பள்ளி மாணவி, வண்டியூர்)

கண்மாய்க்கரையில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். அந்த அணி முதலில் மினியாபொலிஸில் இருந்தது. அந்த மாநிலமே ஏரிகளுக்குப் பேர்போனது. 1960இல் ஊர் மாறினார்கள், பேரை மாற்றவில்லை. அவர்களுடைய 17 பட்டங்களில் ஐந்து அங்கே வாங்கியவை. செல்டிக்ஸுக்கு 18. இரண்டு அணியும் இறுதித் தொடரில் 12 முறை மோதி, ஒன்பது முறை பாஸ்டன் ஜெயித்திருக்கிறது.

மதுரைக்காரர் யார் பக்கம் நிற்பது நியாயம்? (கோரிப்பாளையம்)

அது அவரவர் மனசு. என் மனசு பாஸ்டன் பக்கம். 1891இல் இந்த விளையாட்டு பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டும் பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸ் மாநிலத்தில்தான் இருக்கிறது. நம் அமெரிக்கன் கல்லூரியை 1881இல் தொடங்கிய மிஷனுக்கும் தலைமையிடம் பாஸ்டன்தான். இவ்வளவு தூரத்திலிருந்து ஒட்டிக்கொள்ள எனக்கு அது போதும். அந்தக் காலத்து செல்டிக்ஸ் சென்டர் பில் ரஸல் 13 சீசனில் 11 பட்டம் வாங்கிக் கொடுத்ததும் ரிங் அடியில் நின்றுதான்.

என் மகனுக்கு 13 வயது. லூகா மாதிரி பின்னால் எட்டு வைத்து த்ரீ மட்டுமே அடிக்கிறான். விடலாமா? (தந்தை, வில்லாபுரம்)

இப்போதைக்கு நிறுத்துங்கள் ஐயா. நம் கோர்ட்டுகளில் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது. அந்த வயதில் அவ்வளவு தூரம் எறியப் பையன் இடுப்பிலிருந்து பந்தைத் தூக்கிச் சுழற்றுவான். அந்தக் கோணல் கையில் ஊறிவிட்டால் பிறகு மாற்ற வருடக்கணக்காகும். போர்டிலிருந்து இரண்டு எட்டில் நிற்கவையுங்கள். ஒரு கை பந்துக்கு அடியில், முழங்கை ரிங்கைப் பார்க்க, மற்ற கை சும்மா தாங்க மட்டும். பத்துக்கு ஏழு விழுந்தால் ஓர் எட்டு பின்னால். நான் என் பையன்களுக்குச் செய்வது இதுதான். சிமென்ட் தரையில் ஆடுகிறவன் என்றால் தேய்ந்த ஷூவோடு மட்டும் விடாதீர்கள்.

இரண்டு அணியும் எப்போது மோதுகின்றன? நம் நேரத்துக்குப் பார்க்க முடியுமா? (பல பேர்)

டிசம்பர் 5 பாஸ்டனில், பிப்ரவரி 22 லாஸ் ஏஞ்சல்ஸில். பாஸ்டனில் ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை. லாஸ் ஏஞ்சல்ஸில் ராத்திரி ஆடினால் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம் ஆகிவிடும். அதனால் முதல் மோதலை விட்டுவிடாதீர்கள். டிசம்பர் 6 சனிக்கிழமை. அன்றைக்கு நம் கோர்ட்டில் பயிற்சி, இந்த ஆட்டம் முடிந்த பிறகுதான். எல்லாரும் பார்த்துவிட்டே வாருங்கள், ரிங் அடியில் யார் எத்தனை பந்து எடுத்தார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள்.