கோல் காப்பாளரை ஏசுவது: கடிதமும் பதிலும்

அன்புள்ள சேர்,

மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இது இலக்கியம் பற்றிய கடிதம் இல்லை, குறை நினைக்க வேண்டாம்.

நான் மன்செஸ்டர் யுனைடெட் உதைபந்தாட்டக் கழகத்தின் இரசிகன். லண்டன் சித்தப்பா 2011இல் வந்தபோது ஒரு சிவப்பு ஜேர்சி தந்தார், அன்று பிடித்த பைத்தியம். ஆட்டம் விளங்கத் தொடங்கிய நேரம் பயிற்சியாளர் பேர்குசன் ஓய்வு பெற்றுவிட்டார். அதற்குப் பிறகு ஒரு பிரீமியர் லீக் கிண்ணமும் இல்லை. 2024–25 பருவம் 15ஆம் இடம். ஐரோப்பா லீக் இறுதியாட்டத்தில் ரொட்டன்ஹாமிடம் தோல்வி. 2025 ஓகஸ்டில் நாலாம் நிலை லீக்கில் ஆடுகிற கிறிம்ஸ்பியிடம் பெனால்டியில் 12–11. சாமம் பன்னிரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டத்தை முழித்திருந்து பார்த்துவிட்டு அப்படியே வேலைக்குப் போனேன். கோலுக்குள் ஒனானா மாதிரி ஒருவனை வைத்துக்கொண்டு எந்த அணியும் உருப்படாது. அவனுக்கு இருப்பது கையா, ஓட்டை வாளியா? அவனை வைத்து நான் செய்த படத்தை முகநூலில் பாருங்கள், நல்ல வரவேற்பு. பயிற்சியாளர் அமோரிம் பின்களத்தில் மூன்று பேரை நிறுத்தி ஆடவைக்கிற 3-4-2-1 முறையும் சரிவராது என்று நினைக்கிறேன். வேலைத்தலத்தில் லிவர்பூல் பொடியளின் நக்கல் தாங்க முடியவில்லை.

ஆர்சனலுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். அது துரோகமா?

க., மல்லாவி

அன்புள்ள தம்பி,

விளையாட்டுப் பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவது குறைவு. உமது கடிதம் வந்த கிழமை என் மனதில் வேறொரு கோல் காப்பாளன் இருந்தான். அவனால்தான் இதை எழுதுகிறேன்.

சின்ன விசயங்களை முதலில் முடித்துவிடுவோம். 3-4-2-1 பற்றி நான் பேசப் போவதில்லை. பின்களத்தில் மூன்று பேரை வைத்தும் பிரீமியர் லீக் வென்றிருக்கிறார்கள், நாலு பேரை வைத்தும் வென்றிருக்கிறார்கள். லிவர்பூல் பொடியள் நக்கலடித்தால் 1990க்கும் 2020க்கும் இடையில் எத்தனை தரம் லீக் சம்பியன் ஆனார்கள் என்று கேளும். துரோகம் என்ற சொல்லை எங்கள் மண்ணில் ஒரு பந்து விளையாட்டுக்குப் பாவிக்காதேயும். அதைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அது இலேசான சொல் இல்லை.

இனி எனக்குக் கோபம் வந்த இடம். கடிதத்தில் ஒனானாவின் கைக்கு இடம் இருக்கிறது. அந்தக் கழகத்தின் முதலாளிக்கு ஒரு வரி இல்லை. பதினாலு வருடமாக ஒரு கழகத்தை நேசிப்பதாகச் சொல்கிறவருக்கு அது யாருடைய சொத்து, அதன் காசு எங்கே போகிறது என்று ஒருநாளும் தோன்றவில்லையா?

கிறிம்ஸ்பியுடன் ஆடிய அன்றிரவு ஒனானா பிழை விட்டார், மறுக்கவில்லை. முதல் கோல் அவர் காத்து நின்ற பக்கத் தூணோரமாகப் போனது. இரண்டாவதில் உயர்ந்து வந்த பந்தைப் பிடிக்க வெளியே வந்து கோட்டைவிட்டார். ஆனால் அதே இரவு அடித்தால் வெற்றி என்ற பெனால்டியைத் தவறவிட்டவர் கூன்யா. கடைசிப் பெனால்டியைக் குறுக்குக் கம்பத்தில் அடித்தவர் எம்பூமோ. இருவரும் அந்தக் கோடையில்தான் ஆளுக்கு 60 மில்லியன் பவுணுக்கு மேல் கொடுத்து வாங்கப்பட்டவர்கள். அவர்களை வைத்து நீர் படம் செய்யவில்லை. கோல் காப்பாளன் தனியாக நிற்கிறான், சட்டையின் நிறமும் வேறு, பிழை விட்டால் பின்னாலேயே வலை ஆடுகிறது. ஏசுவதற்கு அவனைவிட வசதியான ஆள் மைதானத்தில் கிடையாது. 2025 செப்டெம்பரில் ஒனானா துருக்கியின் ட்ரப்சோன்ஸ்போர் கழகத்துக்கு இரவலாகப் போய்விட்டார். அவர் போனதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று உம்மைப் போலப் பலர் நம்புகிறார்கள்.

எனக்கும் அந்தக் கழகத்தில் பகை இல்லை. 1999 மே 26 இரவு நாங்கள் உமது மல்லாவியில்தான் இருந்தோம், கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து. பொருளாதாரத் தடைக் காலம், பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மாறி ஒருவர் பெடலைச் சுற்றுவோம், டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி பாடும். பார்சலோனாவில் பயர்ன் மியூனிச்சுடன் இறுதியாட்டம். 90 நிமிடம் முடியும்போது 1–0 என்று பின்னுக்கு. நடுவர் கூட்டிக் கொடுத்த நிமிடங்களில் ஷெரிங்ஹம் ஒன்று, சொல்ஸ்கியார் ஒன்று. சுற்றிக்கொண்டிருந்தவன் துள்ளி எழும்பிவிட்டான், வானொலி நின்றுவிட்டது. என்ன நடந்தது என்று தெரியாமல் எல்லாரும் அவனுக்குப் பேச்சு. திரும்பச் சுற்றியபோது ஆட்டம் முடிந்து கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. பத்து வருடம் கழித்து, 2009 மே 27, அதே கழகம் ரோமில் பார்சலோனாவிடம் தோற்றது. அன்றைக்கு நாங்கள் செட்டிகுளத்தில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தோம். யார் வென்றார்கள் என்று பல மாதம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

ஆகவே வெளியில் நின்று இதைச் சொல்லவில்லை.

அந்தக் கழகம் 1878இல் மன்செஸ்டரின் ரயில்வேத் தொழிலாளர் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் தொடங்கியது. 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் அதை ஏறக்குறைய 790 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. வாங்கிய காசில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனில் பெரும்பங்கை, வாங்கப்பட்ட கழகத்தின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அதற்கு முன் கடன் இல்லாமல் இருந்த கழகம் அது. தம்பி, இதை ஆறுதலாக இன்னொரு தரம் வாசியும். ஒருவர் உமது வீட்டை வாங்குகிறார், வாங்கக் கடன் எடுக்கிறார், அந்தக் கடனை அதே வீட்டில் இருக்கிற நீர் கட்ட வேண்டும். வட்டியும் நீரே கட்ட வேண்டும். இடையில் அவருக்கு இலாபப் பங்கும் கொடுக்க வேண்டும். இருபது வருடமாக அங்கே நடந்தது இதுதான்.

பேர்குசன் இருந்த மட்டும் அது வெளியே தெரியவில்லை. கடன் ஏறிய பிறகும் அந்த மனிதர் லீக் கிண்ணங்களைக் கொண்டுவந்து அதை மூடினார். 2013இல் அவர் போனார், மூடியும் போனது. மொயஸ், வான் கால், மொரினியோ, சொல்ஸ்கியார், டென் ஹாக், அமோரிம் என்று பயிற்சியாளர் மாறிக்கொண்டே இருக்கிறது, கணக்குப் புத்தகம் அப்படியே இருக்கிறது. 2024 மே மாதம் ஆர்சனலுடன் ஆடிய அன்று மழைக்கு அவர்களுடைய ஓல்ட் ட்ரபர்ட் மைதானத்தின் கூரை ஒழுகி இருக்கைகளுக்கு மேல் தண்ணீர் ஊத்தியது, படம் உலகமெல்லாம் போனது. அதற்குச் சில மாதம் முன் பங்கு வாங்கி வந்திருந்த ரட்கிளிப் என்ற பெருமுதலாளி கணக்கைச் சரிசெய்யத் தொடங்கினார். எப்படி? முதலில் 250 பேரை வேலையால் நிறுத்தினார்கள். அடுத்த வருடம் இன்னும் 200 பேர்வரை என்று அறிவித்தார்கள். ஊழியருக்குக் கொடுத்த மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். மிஞ்சியிருந்த நுழைவுச்சீட்டுகளை, பிள்ளைக்கும் சலுகை இல்லை, முதியவருக்கும் சலுகை இல்லை என்று, 66 பவுணுக்கு விற்றார்கள். முதலாளி பட்ட கடனுக்குச் சமையல்கட்டில் நின்றவள் வேலை இழக்கிறாள். 2024–25 பருவம் 38 ஆட்டத்தில் 18 தோல்வி, 42 புள்ளி. எல்லாவற்றுக்கும் காரணம் ஒருவனின் இரண்டு கை என்று நீர் படம் போடுகிறீர்.

வேறு ஊர்க்காரர் எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. நீர் வன்னியில் இருக்கிறீர். கடன் ஒரு வீட்டை என்ன செய்யும் என்று உமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா கொடுத்தார்கள். அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கூரைக்கு வரும்போது பலருக்குக் காசு முடிந்துவிட்டது. அந்த நேரம்தான் நுண்கடன் கொம்பனிகள் மோட்டார் சைக்கிளில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன், கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போயிருந்தது.

நான் நினைத்துக்கொண்டிருந்த கோல் காப்பாளனின் தாயும் அப்படிக் கடன்பட்ட பெண். பெயர் சொல்ல மாட்டேன். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகத்துப் பொடியன், என்னிடம் கணக்குப் படித்தவன். கூரை போடத் தாய் எடுத்த கடனைக் கட்டுவதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மேசனுக்குக் கையாளாகப் போனான். 2017, மழை பொய்த்த வருடம், வயல் வேலையும் இல்லை. அந்த வருடச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தன்று காலையில்கூட அவன் கொங்கிறீற் போட்டுவிட்டுத்தான் மைதானத்துக்கு வந்தான்.

நான் புள்ளி எழுதும் மேசையில் இருந்தேன். கழகத்திடம் கோல் காப்பாளனுக்குக் கையுறை இல்லை. நாலு மூலைக்கும் ஒலிபெருக்கி கட்டக் காசு இருந்தது, வந்த பிரமுகர்களுக்குப் பொன்னாடையும் இருந்தது. அவன் வெறுங்கையோடு நின்றான். இரண்டாம் பாதியில் தூரத்திலிருந்து சும்மா தூக்கிப் போட்ட ஒரு பந்து. நெஞ்சு உயரத்தில் வந்தது, சின்னப்பிள்ளையும் பிடிக்கும். விரலில் பட்டுப் பின்னால் வழுக்கி உள்ளே போய்விட்டது. ஒலிபெருக்கிக்காரன் அவன் பெயரைச் சொல்லி நக்கலடித்தான், கூட்டம் சிரித்தது. பிறகு தூசணம். அவனுடைய தாயையும் இழுத்துத்தான். 1–0, ஆட்டம் முடிந்தது.

ஒப்பம் வைக்க மேசைக்கு வந்தான். பேனையை அவனால் பிடிக்க முடியவில்லை. கையை வாங்கிப் பார்த்தேன். பத்து விரல் நுனியும் சீமெந்து தின்று, தோல் போய், சிவந்த சின்னச் சின்னக் குழிகள். இரண்டு விரலில் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தான். இந்தக் கையோடு ஏன் இறங்கினாய் என்று கேட்டேன். “வேற ஆள் இல்லை சேர்” என்றான். அதற்குப் பிறகு அவன் விளையாட வரவில்லை. அடுத்த வருடம் கட்டார் போனான். போன மாதம் விடுமுறையில் வந்தவனை முள்ளியவளையில் ஒரு கலியாண வீட்டில் கண்டேன். ஆள் நல்லாக இருக்கிறான், கடன் முடிந்துவிட்டது, தங்கச்சி கம்பஸில் படிக்கிறாள். பக்கத்தில் இருந்தவர்கள் பந்துக் கதை எடுத்தபோது எழும்பி வெளியே போய்விட்டான்.

ஒனானா ஏழை இல்லை, அது எனக்கும் தெரியும். அவருக்கு நான் பரிதாபம் கேட்கவில்லை. நான் கேட்பது, அவரை ஏசும்போது தப்பிக்கொள்வது யார் என்பதை. ஒட்டுசுட்டானில் கையுறை வாங்காத நிர்வாகத்தை அன்று ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கோல் காப்பாளன் இருந்தான், போதுமாயிருந்தது. அதே நிர்வாகம் அடுத்த வருடமும் ஏகமனதாகத் தெரிவானது. கிளேசர் குடும்பத்துக்கும் ஓர் ஒனானா இருந்தால் போதும். அவர் போனால் அடுத்தவர்மேல் பாயலாம். 2025இல் லமன்ஸ் என்ற கோல் காப்பாளரை வாங்கினார்கள், வாங்கியபோது அந்தப் பொடியனுக்கு 23 வயது. அவர் முதல் பிழை விடும் நாளில் நீர் என்ன படம் போடுவீர்?

மாறலாமா என்று கேட்டீர். 2005இல் அந்த விற்பனைக்கு எதிராகக் கோபப்பட்ட மன்செஸ்டர்க்காரர்களில் ஒரு பகுதியினர் ஆர்சனலுக்குப் போகவில்லை. எப்சி யுனைடெட் ஒவ் மன்செஸ்டர் என்று தாங்களே ஒரு கழகம் தொடங்கினார்கள். உறுப்பினருக்குச் சொந்தமான கழகம், ஆளுக்கு ஒரு வாக்கு, கீழ் மட்ட லீக்கில் இன்றைக்கும் ஆடுகிறது. 2010இல் வேறு ஆயிரக்கணக்கானவர்கள் நியூட்டன் ஹீத்தின் பச்சை மஞ்சள் சால்வையைப் போட்டுக்கொண்டு அதே ஓல்ட் ட்ரபர்ட்டுக்குள் போய் நின்றார்கள். விட்டுப் போனவர்களும் உள்ளே நின்றவர்களும் யார்மேல் கோபப்பட வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார்கள். நீர் ஆர்சனலுக்குப் போனாலும் எனக்கு ஒன்றுமில்லை. அங்கேயும் கோலுக்குள் ஒருவர் நிற்பார்.

உமது முகநூல் படத்தைப் பார்த்தேன். கீழே எழுதியிருப்பவர்களில் நாலைந்து பேர் அவருடைய தோல் நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அதற்கும் நீர் விருப்பக்குறி போட்டிருக்கிறீர். இன்றைக்கே அந்தப் படத்தை எடுத்துவிடும். எடுத்த பிறகு எனக்கு எழுதும், ஆர்சனலைப் பற்றியும் பேசுவோம். அதோடு, மல்லாவியில் உமது கழகத்துக் கோல் காப்பாளருக்குக் கையுறை இருக்கிறதா என்றும் எழுதும். இல்லையென்றால் அளவைச் சொல்லும், அனுப்பிவிடுகிறேன்.