இரண்டாவது டாப்-அப் வேண்டாம், கியர்பாக்ஸ் காத்திருக்கட்டும்

கேள்வி: வயது 39. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பிடித்தம் போகக் கைக்கு 5,200 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது. வீட்டுக் கடன் 1,450. இரண்டு பிள்ளைகள். இரண்டரை வருடத்துக்கு முன் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வீட்டோரம் தார்ப்பாய் மூடிக் கிடந்த 1989 சாப் 900 டர்போ காரை 7,000 வெள்ளிக்கு வாங்கினேன். அதற்காக 20,000 வெள்ளி பெர்சனல் லோன் எடுத்தேன். 8 விழுக்காடு பிளாட் (வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி), ஐந்து வருடம். மீதிப் பணம் மச்சானின் (மனைவியின் அண்ணன்) பட்டறைக்குப் போனது. பதினெட்டு மாதம் கழித்து லோனை 30,000 ஆக டாப்-அப் செய்தேன். அதுவும் தீர்ந்துவிட்டது. இப்போது கியர்பாக்ஸ், கிளட்ச், டர்போ எல்லாம் சேர்த்து 14,000 ஆகும் என்கிறார் மச்சான். பேங்க் 40,000 தருகிறேன் என்று கூப்பிடுகிறது, மாதம் 933 தான். எடுக்கலாமா? முடித்துவிட்டால் கார் நல்ல முதலீடு என்கிறார்கள் நண்பர்கள். மனைவி இன்னும் அந்தப் பழைய லோன்தான் ஓடுகிறது என்று நினைக்கிறார். கார் இன்னும் என் பெயருக்கு மாறவில்லை.
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: காரை வாங்கியதற்காக உங்களைக் கண்டிக்கப் போவதில்லை. பல வருட ஆசைக்கு 7,000 வெள்ளி செலவழிக்க உங்கள் சம்பளத்தில் இடம் இருந்தது. பட்ஜெட் போடுவது எப்படி, கிரெடிட் கார்டை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரியும். என்னைக் கவலைப்பட வைப்பது அந்த டாப்-அப் பழக்கம். பட்டறையில் காசு தீர்ந்தால் பேங்க்கைக் கூப்பிடுவது என்று அது ஊறிவிட்டது.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். தோராயம்தான், பத்து இருபது வெள்ளி முன்பின் இருக்கும்.

முதல் லோனுக்கு மாதம் 467 வீதம் பதினெட்டு மாதம் கட்டினீர்கள், மொத்தம் 8,400. பிளாட் 8 விழுக்காடு என்றால், குறைந்துவரும் அசலின் மேல் கணக்குப் போடும்போது சுமார் 14 விழுக்காடு வட்டி. அதனால் அசலில் கழிந்தது 4,600 தான், 15,400 அப்படியே நின்றது. 30,000 டாப்-அப் வந்தபோது அதில் 15,400 பழைய லோனை அடைக்கப் போய்விட்டது. கையில் வந்தது 14,600. ஐந்து வருடம் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது, தவணை 700 ஆனது. அதில் பன்னிரண்டு மாதம் கட்டியாயிற்று. இன்று சுமார் 25,500 பாக்கி.

இப்போது மூன்றாவது லோன். 40,000-இல் பாக்கி போக உங்கள் கைக்கு வருவது 14,500-க்குப் பக்கம். இந்த லோனோடு நிறுத்திக்கொண்டால் இனிக் கட்ட வேண்டியது 48 மாதம், 700 வீதம் 33,600. டாப்-அப் எடுத்தால் 60 மாதம், 933 வீதம் 56,000. வித்தியாசம் 22,400. கையில் 14,500 வாங்க நீங்கள் கொடுக்கப் போகும் விலை இது. தவணை 233 தானே ஏறுகிறது என்று பேங்க் அதிகாரி சொன்னால், கடைசிப் பன்னிரண்டு மாதம் முழு 933-உம் புதிதாக வருவதை அவர் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இதையே திருப்பிப் போடுங்கள். ஏறப்போகும் அந்த 233-ஐ மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டால் 48 மாதத்தில் 11,200 சேரும். லோனும் முடிந்திருக்கும். அப்புறம் 933-ஐ நாலு மாதம் போட்டால் 14,900. டாப்-அப் தவணை முடிவதற்கு எட்டு மாதம் முன்பே, ஒரு காசு கடனில்லாமல் கியர்பாக்ஸ் பணம் கையில் இருக்கும். ஓவர்டைம் கிடைக்கும் மாதங்களில் 300 போட முடிந்தால் இன்னும் சீக்கிரம்.

சரி, மச்சான். இத்தனை பணம் போன இடத்தில் ஒரு பில் இருப்பதாகக்கூட நீங்கள் எழுதவில்லை. மனைவியின் அண்ணனிடம் கணக்குக் கேட்கத் தயங்குவது புரிகிறது. ஆனால் சாப் 900-ஐப் பல வருடம் பார்த்த ஒரு ஃபோர்மேனிடம் பொதுவாக விசாரித்தேன். இந்தக் காரில் என்ஜின் கியர்பாக்ஸின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கியர்பாக்ஸைத் திறக்க இரண்டையும் சேர்த்துத் தூக்க வேண்டும், கூலி அதிகம்தான். கிளட்ச் அப்படியில்லை. அது ரேடியேட்டர் பக்கம், முன்னால் இருக்கிறது. என்ஜினை இறக்காமலே மாற்றலாம். 14,000-இல் கிளட்சுக்கென்று தனியாக என்ஜின் இறக்கும் கூலி இருக்கிறதா என்று பாருங்கள். டர்போவும் அப்படித்தான். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறவில்லை என்றால் நம் வெயிலில் வெடித்துப்போன ரப்பர் ஹோஸ்களை முதலில் பார்க்க வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது, அதைச் சுற்றி ஓடும் என்ஜின் ஆயிலை நம்பித்தான். வருடக்கணக்கில் நின்ற காரின் ஆயில் குழாயைச் சுத்தம் செய்யாமல் புது டர்போ போட்டால் அதுவும் போய்விடும்.

உங்கள் மச்சான் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. மைவி, வீரா மாதிரி உள்ளூர்க் கார்களைப் பார்க்கிற பட்டறைக்கு இந்தக் கார் புதுசு, உங்கள் காசில் கற்றுக்கொள்கிறார். அதனால் இனி முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு வேலை, ஒரு விலை, கழற்றிய பழைய சாமான் உங்கள் கைக்கு வந்த பிறகு பணம். "பேங்க் கேட்கிறது, மச்சான்" என்று பழியை என் மேலோ பேங்க் மேலோ போட்டுவிட்டு பில் கேளுங்கள்.

இதையெல்லாம்விட என்னைத் திடுக்கிட வைத்தது உங்கள் கடைசி வரி. முப்பதாயிரத்துக்கு மேல் கடன் வாங்கிப் போட்ட கார் சட்டப்படி இன்னும் வேறொருவருடையது. காரை விற்றவருக்கு நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீங்கள் அவருடைய பிள்ளைகளோடு பேச வேண்டியிருக்கும், அப்புறம் கோர்ட், வாரிசு என்று இழுக்கும். லாரியில் ஏற்றியாவது வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமுக்குக் கொண்டுபோய், பெயர் மாற்றத்துக்கான B5 பரிசோதனைக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிராண்டில் (காரின் பதிவுப் பத்திரம்) உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பெயர் மாறும்வரை அந்தக் காரில் ஒரு போல்ட் மாற்றவும் பணம் தராதீர்கள்.

முதலீடு என்ற பேச்சுக்கு நான் அதிகம் இடம் தரமாட்டேன். சாப் கம்பெனி 2011-இல் திவாலானது. நல்ல சாமான் வெளிநாட்டிலிருந்துதான் வரும், அவர்கள் பணத்தில் விலை, மேலே கப்பல் கூலி, வரி. நம் ஊரில் இதை விரும்பி வாங்குகிறவர்கள் கொஞ்சப் பேர், அவர்களும் வேலை முடிந்த காரைத்தான் தேடுவார்கள். ஓட ஆரம்பித்தால் 1,985 சிசிக்கு வருடம் 372 வெள்ளிக்கு மேல் ரோட் டேக்ஸ். ஆசைக்கு வைத்திருங்கள், லாபத்துக்கு வேண்டாம். சாமான் வாங்க 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' ஆப்புகளையும் தொடாதீர்கள். தவணை சின்னதாகத் தெரிவதால் நாலைந்து ஒன்றாக ஓடும், கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மச்சான் கேட்பார். கியர்பாக்சுக்கு அதை எடுக்க வேண்டாம். 2024-க்கு அது 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது, உங்கள் லோன் 14 தின்கிறது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் லோனை அடைக்க எடுங்கள். அதற்கு முன் இன்று முழுசாக முடித்தால் எவ்வளவு, கொஞ்சம் முன்கூட்டிக் கட்டினால் வட்டி குறையுமா என்று பேங்க்கிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அந்தக் கடிதம் வந்த அன்றே மனைவியிடம் காட்டுங்கள். மாதம் 700 போவது அவருடைய வீட்டுச் செலவிலிருந்தும்தான். பில் கேட்கும் வேலையிலும், தன் அண்ணனிடம் உங்களைவிட அவர் நன்றாகப் பேசுவார்.

பெயர் மாறிய பிறகு முதல் வேலையாக பிரேக், அடுத்து கூலன்ட் ஹோஸ்கள், ஆயில். கியர்பாக்ஸை எண்ணெயோடு மூடியே வைத்து, காரைக் கூரைக்குக் கீழ் நிறுத்துங்கள். டர்போ கடைசியில்.