மனையை விற்காதீர்கள் அண்ணா, அவள் நர்சிங்கே படிக்கட்டும்

பெங்களூரு அல்சூரிலிருந்து அப்பா, அம்மா, மகள் மூவரும் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். நீட் இரண்டு தடவை எழுதியும் சீட் வரவில்லை. ஓசூர் பக்கத்து மனையை விற்று வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிக்க வை என்கிறாராம் பெரியப்பா. மகளோ, பாட்டி இதய ஐசியூவில் படுத்திருந்தபோது அங்கே இருந்த நர்ஸைப் பார்த்ததிலிருந்து நர்சிங்தான் என்கிறாள். "நர்ஸ்னா சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க சார்" என்று அம்மா கண் கலங்கினார்.

கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன், அப்புறம் நேராகவே சொல்லிவிட்டேன். அண்ணா, மனையை விற்காதீர்கள். வெளிநாட்டுப் பட்டத்தோடு வந்தாலும் இங்கே தேர்வு எழுதித் தேறினால்தான் டாக்டராகப் பதிய முடியும். தேறாவிட்டால் போன மனையை மீட்டுத் தரப் பெரியப்பா வரமாட்டார்.

அந்த ஐசியூவில் ராத்திரி இரண்டு மணிக்கு மானிட்டரில் கோடு தாறுமாறாக ஆடினால் முதலில் கட்டிலருகே நிற்பது நர்ஸ்தான். நெஞ்சில் ஒட்டிய லீடு வயர் கழன்றுவிட்டதா, உண்மையாகவே இதயம் நின்றுவிட்டதா? மானிட்டரை நம்பி நிற்காமல் நோயாளியைத் தட்டிக் கூப்பிட்டு, மூச்சையும் கழுத்து நாடியையும் 10 நொடிக்குள் பார்த்து முடிவெடுக்க வேண்டும். நாடி இல்லையென்றால் உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு நெஞ்சை அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 செ.மீ. ஆழம், கை சோர்ந்தால் அழுத்தம் குறையும் என்பதால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் சுருங்கி விரியாமல் வெறுமனே துடிதுடிக்கும் நிலை என்றால் மின்சார ஷாக், கொடுத்த உடனே மறுபடி அழுத்தம். கோடு நேராகக் கிடந்தால் ஷாக் பயன்படாது, சினிமாவில் காட்டுவது தப்பு. அழுத்தத்தோடு அட்ரினலின் என்ற மருந்து ஊசியில் 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. எந்த மருந்து எப்போது போனது என்று குறித்து வைப்பதும், இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய அளவுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைவதை முன்னாலேயே கவனித்து டாக்டரிடம் சொல்வதும் நர்ஸின் வேலை. இதையா குறைவான படிப்பு என்கிறீர்கள் அக்கா?

பிஎஸ்சி நர்சிங் 4 வருடம். ஐசியூ அனுபவம், பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் என்ற அடிப்படை, மேல்நிலை உயிர்காப்புப் பயிற்சி, பிறகு விரும்பினால் கிரிட்டிக்கல் கேரில், அதாவது தீவிர சிகிச்சையில், நர்ஸ் பிராக்டிஷனர் என்று 2 வருட முதுகலை. நார்செட் என்ற நர்ஸ் வேலைக்கான தேர்வு எழுதி எய்ம்ஸில் நர்சிங் ஆபீசர் ஆனால், ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாயில் தொடங்குகிறது.

கல்லூரி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புரோக்கர் மூலம் சேராதீர்கள். நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள், பிள்ளைகள் எந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள் என்று சீனியர் மாணவிகளிடமே கேளுங்கள். நான்கு வருடக் கட்டணம், ஹாஸ்டல், சீருடை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கி வாருங்கள், அதைப் பிடித்து வைத்துக்கொண்டதால் பாதியில் மாற முடியாமல் தவித்த ஒரு பெண் என்னிடம் வந்து அழுதிருக்கிறாள்.